ஒருவர் பயணத்துக்கு இருவர் கட்டணமா?

பழைய தலைமுறையினரிடம் கப்பல் என்று சொன்னால் போதும், உடனே 'ரஜூலா'வைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. அதற்குப் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் ஏற்பட்ட தீ விபத்தோடு அந்தச் சேவையும் ஒரு முடிவுக்கு வந்தது. இக்கப்பல்களில் வந்தவர்களில் பெரும்பாலோர் டெக் பயணிகள். ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, சாப்பாட்டுத் தட்டு என்று தளத்தில் இடம் பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் கடலைப் பார்த்தபடி வந்து சேர்ந்தவர்கள். அவர்களில் தனியாக வந்தவர்கள் எத்தனையோ பேர். தனியாக வந்ததற்காக அவர்களிடம் யாரும் இரண்டு டிக்கெட்டுக்கான பணத்தைக் கேட்டதில்லை.

இன்றைய உல்லாசக் கப்பலில் கேட்கிறார்கள். நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வருகிறது: மூன்று இரவு, நான்கு பகல், சாப்பாட்டோடு சேர்த்து ஒருவருக்கு இவ்வளவு வெள்ளி. பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய சிறிய எழுத்தில் 'இருவர் பகிர்வு அடிப்படையில்' என்று ஒரு வரி இருக்கும். தனியாகப் போக விரும்புகிறவருக்கு அந்த விளம்பரத்தில் முக்கியமான வரி அதுதான்.

கிள்ளானில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளுக்கு வேலை, பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி. தோழிகளில் ஒருவருக்கு முழங்கால் வலி, இன்னொருவருக்குக் கடல் என்றாலே பயம். கையில் ஓரளவு சேமிப்பு இருக்கிறது. ஆனால் அது மாதச் செலவுக்கும் மருத்துவத்துக்கும் தேவைப்படும் பணம். "தனியா எப்படிம்மா போவீங்க?" என்று மகள் கேட்பாள். பெண் தனியாகச் சுற்றுலா போகலாமா என்ற கேள்வி கலந்துரையாடல்களில் எழும்போதெல்லாம் பேச்சு பாதுகாப்பையும் ஊர்வாயையும் சுற்றியே வந்து நின்றுவிடுகிறது. உண்மையில் பலரின் பயணத்தைத் தடுத்து நிறுத்துவது முன்பதிவு முகப்பில் சொல்லப்படும் தொகைதான். பாதிக் கட்டணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போனவர், முழுக் கட்டணத்தைக் கேட்டதும் வீடு திரும்பிவிடுகிறார். அல்லது, அதைவிட மோசமாக, விவரம் கேட்காமல் கட்டிவிட்டுப் பிறகு வருந்துகிறார்.

காலிக் கட்டிலுக்கு ஏன் பணம்?

உல்லாசக் கப்பல் நிறுவனம் விற்பது இருக்கையை அல்ல, அறையை. பேருந்திலும் விமானத்திலும் ஒருவருக்கு ஓர் இருக்கை. கப்பலில் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில்தான் வரவு செலவு போடப்படுகிறது. ஒருவர் மட்டும் அந்த அறையை எடுத்தால் இரண்டாவது கட்டணத்தை நிறுவனம் இழக்கிறது. அது மட்டுமா? பெரிய கப்பல் நிறுவனங்களின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பயணிகள் கப்பலில் ஏறிய பிறகு செய்யும் செலவிலிருந்து கிடைக்கிறது. மதுபானம், சூதாட்டக்கூடம், கடைகள், உடற்பிடிப்பு நிலையம், இணையச் சேவை, கரைச்சுற்றுலா எல்லாம் அதில் அடங்கும். காலிக் கட்டில் எதையும் வாங்காது. அந்த இழப்பையும் சேர்த்துத்தான் 'தனிநபர் கூடுதல் கட்டணம்' என்ற ஒன்றைத் தனியாக வருபவரின் தலையில் வைக்கிறார்கள்.

இந்தக் கூடுதல் கட்டணம் எல்லாக் கப்பலிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. சில பயணங்களுக்கு 100 விழுக்காடு, அதாவது அப்படியே இரட்டிப்பு. சில பயணங்களுக்கு 50 விழுக்காடு, அறைகள் விற்காமல் கிடக்கும் தேதிகளில் அதைவிடக் குறைவாகவும் வரும். ஆகவே ஆசிரியை போன்றவர் முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "டிக்கெட் என்ன விலை?" என்பதல்ல. "நான் ஒருத்தி மட்டும் ஓர் அறையில் போனால், துறைமுக வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்பதே.

வேறுபாடு எப்படி வரும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. முதல் கப்பலில் ஒருவருக்கு 1,200 ரிங்கிட் என்று விளம்பரம். கூடுதல் கட்டணம் 100 விழுக்காடு. இரண்டும் சேர்ந்து 2,400. துறைமுக வரி 350, மூன்று இரவுக்கு டிப்ஸ் 240 என்றால் மொத்தம் 2,990 ரிங்கிட். இரண்டாவது கப்பலில் விளம்பரக் கட்டணம் 1,450 ரிங்கிட். பார்த்தவுடன் அதிகம் என்று தோன்றும். ஆனால் கூடுதல் கட்டணம் 50 விழுக்காடுதான் என்றால் 725. துறைமுக வரியும் டிப்ஸும் அதே அளவு என்று கொண்டால் மொத்தம் 2,765. விளம்பரத்தில் 250 ரிங்கிட் கூடுதலாகத் தெரிந்த கப்பல், கையிலிருந்து போகும்போது 225 ரிங்கிட் குறைவாக முடிகிறது.

இதில் ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. துறைமுக வரியும், ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படும் டிப்ஸும் பெரும்பாலும் உண்மையில் பயணம் செய்யும் நபருக்கு மட்டுமே. டிப்ஸ் என்றதும் விரும்பினால் கொடுக்கலாம் என்று நினைத்துவிடக்கூடாது. பல அனைத்துலகக் கப்பல்களில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் அளவில் அறைக்கணக்கில் தானாகவே ஏறிவிடும். நான்கு இரவு என்றால் அது சின்னத் தொகை அல்ல.

ஒருவருக்கென்றே கட்டப்பட்ட அறைகளும் உண்டு. 2010இல் கடலுக்கு வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் தனிப்பயணிகளுக்காகவே 128 சிற்றறைகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 சதுர அடிதான். ஆனால் அந்த அறைகளில் தங்குவோர் ஒன்றுகூடிப் பேச ஒரு பொதுக்கூடமும் இருந்தது. அதன் வெற்றியைப் பார்த்து மற்ற நிறுவனங்களும் சில கப்பல்களில் இத்தகைய அறைகளைச் சேர்த்தன. இங்கேயும் கவனம் வேண்டும். கூடுதல் கட்டணம் இல்லை என்ற காரணத்தாலேயே அந்த அறை மலிவாகிவிடாது. அத்தகைய அறைகள் குறைவு, கேட்பவர்களோ அதிகம். சில வேளைகளில் சாதாரண உள்ளறையை இரட்டைக் கட்டணம் கொடுத்து எடுப்பது அதைவிடக் குறைவாக முடிவதும் உண்டு. மொத்தத் தொகையை மொத்தத் தொகையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

தனி ஆளின் பலம்

குடும்பத்தோடு போகிறவர் பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர் விடுப்புக்கு எழுதிப் போட வேண்டும். ஓய்வுபெற்ற தனி ஆளுக்கு இந்தக் கட்டுகள் எதுவும் இல்லை. ஜூன் மாதமும் ஆண்டிறுதியும் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைக் காலம். அப்போது விலை ஏறும். தனிநபர் சலுகையும் கிடைக்காது. சீனப் புத்தாண்டை ஒட்டிய நாள்களும் அப்படித்தான். விடுமுறை இல்லாத வாரத்தில், அதுவும் ஞாயிறு அல்லது திங்கட்கிழமை புறப்பட்டு வாரநடுவில் திரும்பும் பயணத்தில், நிறுவனத்துக்கு அறையை நிரப்ப வேண்டிய நெருக்கடி இருக்கும். அந்த நெருக்கடிதான் தனிப்பயணிக்குக் கிடைக்கும் தள்ளுபடி.

முழுத் தொகையையும் பயணத்துக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன்பே கட்டிவிட வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. அந்தக் கெடு முடிந்ததும் கட்டாமல் விட்டவர்களின் அறைகள் மீண்டும் விற்பனைக்கு வரும். விலை திருத்தப்படுவதும் பெரும்பாலும் அப்போதுதான். பெட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டு வாரத்தில் புறப்படத் தயாராக இருப்பவருக்கு இது நல்ல வாய்ப்பு. விமானம் பிடித்து வர வேண்டியவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. கடைசி நேர விமானக் கட்டணம் அந்த இலாபத்தை விழுங்கிவிடும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் பேருந்திலேயே துறைமுகத்துக்குப் போய்விடலாம் என்பது பெரிய வசதி. கோலாலம்பூரில் மாட்டா கண்காட்சி, சிங்கப்பூரில் நாட்டாஸ் கண்காட்சி ஆகியவற்றிலும் கப்பல் நிறுவனங்கள் சலுகை அறிவிப்பது வழக்கம். ஆனால் அங்கே கூவி விற்கப்படுவது 'இரண்டாவது பயணிக்குப் பாதி விலை', 'மூன்றாவது, நான்காவது பயணி இலவசம்' போன்றவையே. தனி ஆளுக்கு அவற்றால் பயனில்லை. மகிழ்ச்சியில் கையெழுத்துப் போட்டுவிடாமல், மேலே சொன்ன கேள்வியைக் கேட்டுவிட்டு நகர்வதே நல்லது.

அறையைப் பொறுத்தவரை சன்னல் இல்லாத உள்ளறையே சிக்கனம். பால்கனிக்குக் கொடுக்கும் கூடுதல் பணமும் தனியாகப் போகிறவருக்கு இரட்டிப்பாகும் என்பதை மறந்துவிடக்கூடாது. கடலைப் பார்க்க மேல்தளம் இருக்கிறது, அதற்குக் கட்டணம் இல்லை. தவிரவும், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் உள்ள அறைகளில்தான் ஆட்டம் குறைவாகத் தெரியும். தலைசுற்றலுக்கு அஞ்சுகிறவருக்கு விலை குறைந்த அறையே உடம்புக்கும் ஏற்றதாக அமைவது ஒரு நல்ல பொருத்தம். அறை எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் விலை இன்னும் சற்றுக் குறையும். ஆனால் நடுப்பகுதிதான் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

காற்றின் காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் தென்சீனக் கடல் கொந்தளிக்கும். அப்போது வியட்நாம் பக்கம் போகும் கப்பலை முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது உத்தமம். சுமத்ரா அரணாக நிற்பதால் மலாக்கா நீரிணையில் அலை அவ்வளவாக எழுவதில்லை. புக்கெட் இருக்கும் அந்தமான் கடலுக்கு இதற்கு நேர்மாறான காலம்: மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. அங்கே பல கப்பல்கள் பாத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்கு அனுப்புகின்றன. அலை பெரிதாக இருந்தால் கரையிறங்குவதையே இரத்து செய்துவிடுவார்கள்.

வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கப்பல்கள் ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொரு வட்டாரத்துக்கு இடம் மாறும். அந்த ஒருவழிப் பயணங்களில் நாளொன்றுக்கான செலவு குறைவு என்பது உண்மை. ஆனால் இரண்டு, மூன்று வாரம் கடலில் இருக்க வேண்டும், திரும்பி வர விமானச் சீட்டும் வாங்க வேண்டும். முதல்முறை போகிறவருக்கு மூன்று அல்லது நான்கு இரவே போதுமானது.

துறைமுகமும் கடிகாரமும்

சிங்கப்பூரில் 2012இல் திறக்கப்பட்ட மரினா பே உல்லாசக் கப்பல் நிலையத்துக்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து போகலாம். ஹார்பர்ஃபிரண்டில் இன்னொரு நிலையம் இருக்கிறது. எந்த நிலையம் என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்ளாமல் போய் அலைகிறவர்கள் உண்டு. மலேசியாவிலிருந்து அதே நாள் காலையில் பேருந்து ஏறிப் போவது ஆபத்தான சிக்கனம். ஜோகூர் பாலத்தில் நெரிசல் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பயணப் பதிவு முகப்பு, கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பாகவே மூடப்பட்டுவிடும். சிங்கப்பூரில் ஓர் இரவு தங்கும் செலவை மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு, விடியற்காலையில் வந்து சேரும் இரவுப் பேருந்தே நல்லது. சில பயணங்களில் கிள்ளான் துறைமுகத்திலிருந்தோ பினாங்கிலிருந்தோ ஏறவும் வாய்ப்புண்டு, அதையும் விசாரிக்கலாம். கடப்பிதழ் ஆறு மாதத்துக்குமேல் செல்லுபடியாக வேண்டும் என்பது தெரிந்ததே.

கரைச்சுற்றுலாவில்தான் தனி ஆளால் நிறைய மிச்சம் பிடிக்க முடியும். பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹம் துறைமுகப் பாலத்தில் கட்டினால், ஜார்ஜ்டவுன் நகரமே காலடியில் இருக்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டை அருகிலேயே. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த பழைய வீதிகளில் நடந்தபடி, 1833இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். அதற்குப் பேருந்துச் சுற்றுலா எதற்கு? கிள்ளான் துறைமுகத்தில் அப்படி நடந்து போக முடியாது. கப்பல் நிலையம் பூலாவ் இண்டாவில், ஊரைவிட்டு வெகு தொலைவில் இருக்கிறது. வாடகைக்கார் கட்டணம் தனி ஆளுக்குக் கனமாக விழும். நாட்டைப் பார்த்துப் பழகிய மலேசியர், அன்று கப்பலிலேயே தங்கி, கூட்டமில்லாத நீச்சல்குளத்தை அனுபவிப்பதே மேல்.

புக்கெட்டில் ஒரு மணி நேரப் பிசகு காத்திருக்கிறது. தாய்லாந்து நேரம் மலேசிய, சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. கரையில் இறங்கியதும் கைத்தொலைபேசி தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், கைத்தொலைபேசியில் நான்கு மணி என்று காட்டும்போது கப்பலில் ஐந்து மணி. குடும்பத்தோடு வந்தவருக்கு "நேரமாகிவிட்டது, வாங்க" என்று சொல்ல ஒருவர் இருப்பார். தனியாக வந்தவர் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளட்டும். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். சொந்தமாகச் சுற்றப் போனவருக்காகக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். சேமித்ததெல்லாம் ஒரே நாளில் கரைந்துவிடும்.

கப்பலுக்குள்ளே பெரும்பாலும் பணமாகக் கொடுப்பதில்லை. அறை அட்டையை நீட்டினால் போதும், கணக்கு ஏறிக்கொண்டே போகும். பிரதான உணவுக்கூடமும் பஃபேயும் கட்டணத்தில் அடங்கும். சைவ உணவு வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லிவைக்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஏராளமானோர் சிங்கப்பூர் வந்து கப்பல் ஏறுவதால் இவ்வட்டாரக் கப்பல்களில் இந்தியச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்படுகிறவர், மற்றவர்களோடு சேர்ந்து உட்காரும் மேசை வேண்டும் என்று பணியாளரிடம் கேட்கலாம். காசில்லாமல் கிடைக்கும் துணை அது. கைத்தொலைபேசியைக் கப்பல் புறப்பட்டவுடன் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட வேண்டும். நடுக்கடலில் அது பிடிப்பது செயற்கைக்கோள் வழி இயங்கும் கப்பலின் சொந்தத் தொடர்பை. ஊரில் வாங்கிய ரோமிங் சலுகை பெரும்பாலும் அங்கே செல்லாது. வீட்டுக்குப் பேச வேண்டுமென்றால் துறைமுகத்தில் நிற்கும்போது பேசலாம். கப்பலின் பெயர், அறை எண், எந்த நாள் எந்த ஊர் என்பதை எழுதி மகளிடம் கொடுத்துவிட்டுப் போனால் அவளுக்கும் நிம்மதி. அனைத்துலகக் கடற்பரப்பில் சூதாட்டக்கூடம் திறக்கும். சிக்கனமாகப் பயணம் போகிறவர் அந்தப் பக்கம் போகாதிருப்பதைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாது: காப்புறுதி. கப்பல் மருத்துவரைப் பார்த்தால் அதற்கும் கட்டணம் உண்டு, அதுவும் பெரும்பாலும் அமெரிக்க டாலரில், அறைக்கணக்கில் ஏறும். நோய் முற்றிக் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் செலவு பன்மடங்காகும். சாதாரணப் பயணக் காப்புறுதியில் உல்லாசக் கப்பல் பயணமும் அடங்குமா, ஏற்கெனவே இருக்கும் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது பொருந்துமா என்று வாங்கும்போதே கேட்டு, எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரைகளைக் கைப்பையில் வைப்பது அவசியம். பெரிய பெட்டியைக் கொடுத்துவிட்டால் அது அறைக்கு வந்து சேர மாலை ஆகலாம்.

ஏறியவுடன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைச் சிலர் தொல்லையாக நினைக்கிறார்கள். 2012 ஜனவரி 13ஆம் தேதி இத்தாலியக் கரையோரம் 'கோஸ்டா கொன்கோர்டியா' கப்பல் பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்தனர். அதில் புதிதாக ஏறியிருந்த பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவே இல்லை. அதன் பிறகே, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று அனைத்துலக விதி கடுமையாக்கப்பட்டது. கூட வந்தவர் சொல்லித் தருவார் என்று இருக்க முடியாத தனிப்பயணி, தன் அறையிலிருந்து ஒன்றுகூடும் இடத்துக்குப் போகும் வழியை ஒருமுறை நடந்தே பார்த்துவிடுவது நல்லது.

கடைசி இரவில் அறைக்கணக்கைச் சரிபார்க்க வேண்டும். குடிக்காத பானமும் வாங்காத புகைப்படமும் அதில் ஏறியிருக்கக்கூடும். மறுநாள் காலை எல்லாரும் முகப்பில் வரிசை பிடித்து நிற்பார்கள், அப்போது பேசித் தீர்க்க நேரம் போதாது. முந்தைய இரவே, நிகழ்ச்சி பார்க்க எல்லாரும் அரங்குக்குப் போயிருக்கும் வேளையில், முகப்பு காலியாக இருக்கும்போது போய்க் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். தன் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு இறங்குவதாகப் பதிந்துகொண்டால், பெட்டிக்காகக் காத்திருக்காமல் முதல் ஆட்களோடு வெளியே வந்து, கிள்ளான் பக்கம் போகும் காலைப் பேருந்தையும் பிடித்துவிடலாம்.